மச்சான் பேரில் மாத்திரை

அப்பாவு அண்ணன் ஒரு பொருளை முழு விலை கொடுத்து வாங்கியதை நான் பார்த்ததே இல்லை. மீன்காரனிடம் தலை வேண்டாம் என்று சொல்லி எடையைக் குறைப்பார். பிறகு, "தலையைச் சும்மா குடு லா, பூனைக்கு" என்று கேட்டு வாங்கி வருவார். அவர் வீட்டில் பூனை கிடையாது.

ஈப்போ பட்டணத்தில், புந்தோங் பக்கம் அவர் வீடும் என் வீடும் ஒட்டினாற்போல. நடுவில் ஒரு பலகைச் சுவர். அதனால் அவர் வீட்டு சிக்கனம் முழுவதும் எனக்குக் காதால் வந்து சேர்ந்தது. நான் நவமணி. கச்சாங் பூத்தே என்கிற கடலைப் பலகாரக் கடையில் முறுக்குப் பிழிகிறவள். எனக்கு இனிப்பு நீர் வியாதி. அதைப் பிறகு சொல்கிறேன். இப்போது அண்ணனுடைய பெருமையைப் பேசுவோம்.

தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தில் பால்மரம் சீவி, ரப்பர் விலை சரிந்தபோது பட்டணத்துக்கு வந்தவர். ஒரு சீன முதலாளியின், தவுக்கே என்போம், பலகைக் கிடங்கில் மரம் ஏற்றி இறக்கும் வேலை. போன நாளுக்குக் கூலி, போகாத நாளுக்கு வசவு. தோட்டத்திலாவது காய்ச்சல் என்றால் வைத்தியம் பார்க்க டிரசர் இருந்தார், மருந்து சும்மா கிடைத்தது. இங்கே தவுக்கேயிடம் இருந்தது ஒரே ஒரு தைலக் குப்பி. "அதையும் தடவிட்டுத் திருப்பிக் குடுக்கணும்" என்பார் அண்ணன். அதைக் குறையாகச் சொல்லவில்லை, பாராட்டாகத்தான் சொன்னார்.

எழுபத்தெட்டாம் வருஷம் அவர் பெண்சாதி செல்லாயி, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், கொடிக்கம்பியைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான்தான் ஓடிப்போய்த் தூக்கினேன். அவளுக்குத் தலைசுற்றலைவிட பயம்தான் அதிகம். அவளுடைய அம்மா மரத்தடியில் சீவிக்கொண்டிருக்கும்போதே விழுந்து, ஒரு பக்கம் போய், வாய் கோணி, வருஷக்கணக்கில் படுக்கையில் கிடந்து செத்தவள். "நானும் அம்மா மாதிரி ஆயிருவேனாக்கா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

வேறு வழியில்லாமல் அண்ணன் அவளைப் பட்டணத்து கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். நானும் கூடப் போனேன். டாக்டர் கையில் பட்டை கட்டிப் பார்த்து, ரத்தக் கொதிப்பு என்றார். "மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. ஆயுசுக்கும் சாப்பிடணும்."

அண்ணன் கேட்டார்: "ஆயுசுன்னா சுமாரா எவ்வளவு நாளு டாக்டர்?"

டாக்டர் வேடிக்கையென்று நினைத்துச் சிரித்தார். வேடிக்கையா அது? மனுஷன் மொத்த வியாபாரம் பேசிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பாக்குவெட்டி வெளியே வந்தது. ஒரு மாத்திரையை இரண்டாக வெட்டினார். "நோவுக்கு என்ன கண்ணா இருக்கு, பாதியா முழுசான்னு பாக்க?" என்றார். வெட்டும்போது சிந்திய மாவை விரலால் தொட்டு அவள் நாக்கில் தடவினார். வீண் கூடாது பாருங்கள். அடுத்த வாரம் பாதி மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது. செல்லாயிக்குப் பிடரி வலி திரும்ப வந்தது. பலகைச் சுவரில் ஓங்கித் தட்டினேன் நான்.

"ஏண்ணே, கவர்மெண்டு ஆஸ்பத்திரி எதுக்கு இருக்கு? சில்லறைக் காசுக்கு மருந்து தாரான்லா?"

"மருந்து சில்லறைதான் நவமணி. விடிகாலையில போய் வரிசையில நின்னா சாயங்காலம்தான் வெளிய விடுவான். எனக்கு ஒரு நாள் கூலி போச்சு. இவ வேல செய்யிற வீட்டுல லீவு போட்டா வேற ஆள் வச்சிருவாங்க. இப்பச் சொல்லு, அது எந்த ஊரு சில்லறை?"

அவர் கணக்கை யாராலும் உடைக்க முடியாது. அதுதான் அவரிடம் எரிச்சல். கஞ்சன் சொல்லும் கணக்கு பாதி நேரம் சரியாகவே இருந்து தொலைக்கிறது.

அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்குச் சுங்கை சிப்புட் பக்கம் மூங்கிலாறு தோட்டத்துக்குப் போனார்கள். அங்கே செல்லாயியின் தம்பி சின்னையா இருந்தான். ஆளைப் பார்த்தால் அம்மன் தேரை ஒற்றை ஆளாய் இழுப்பான் போலிருக்கும். ஒரு தும்மல் கிடையாது. தோட்டத்திலேயே அவன் சீவுகிற மரத்தில்தான் காயம் இருக்காது. பால்மரம் சீவுகிறவனுக்கு அதைவிடப் பெரிய பட்டம் இல்லை. கத்தி ஓர் இழை ஆழம் போனாலும் பட்டை புண்ணாகிவிடும், வேலை மேற்பார்க்கும் மண்டோர் மானத்தை வாங்கிவிடுவார். அம்மா படுத்த பிறகு சின்னையாவை வளர்த்தது செல்லாயிதான். அக்கா என்றால் அவனுக்கு உயிர்.

பந்திச் சோறு சாப்பிடும்போது யாரோ, தோட்டத்து ஆஸ்பத்திரியில் இப்போது ரத்தக் கொதிப்புக்கெல்லாம் நல்ல மாத்திரை வந்திருக்கிறது, சும்மாவே கொடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் கை வாய்க்குப் போகாமல் நின்றது. சாப்பாட்டை அவர் நிறுத்திப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று செல்லாயி சொன்னாள்.

"மச்சான், நீ நோவாளியாகணும்" என்றார்.

"எனக்கு என்ன மாமா நோவு?"

"உனக்கு ஒன்னும் இல்லடா. அக்காவுக்கு இருக்குல்ல, அத நீ கொஞ்சம் தூக்கிக்க. டிரசர்கிட்ட போயி தல சுத்துது, பெடரி வலிக்குதுன்னு சொல்லு. மாத்திரையக் கொண்டாந்து அக்காகிட்ட குடு."

செல்லாயி வேண்டாம் என்றுதான் சொன்னாள். தம்பி கேட்கவில்லை. "அக்காவுக்காக நாலு பொய் சொன்னா அம்மன் கோச்சுக்காது" என்றான்.

பொய் சொல்வது சுலபம். கையில் கட்டுகிற பட்டை பொய் சொல்ல மாட்டேன் என்றது. டிரசர் கட்டி, காற்றடித்து, குழாயைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "உனக்கா பிரஷர்? உன் கைக்குக் காத்தடிச்சு எனக்குத்தான் பிரஷர் ஏறுது, போடா" என்று இரண்டு தலைவலி மாத்திரையைக் கொடுத்து விரட்டிவிட்டார்.

அண்ணன் விடுகிற ஆளா? சின்னையா வாரக் கணக்கில் கருவாடு தின்றான். பால் நிறைந்த வாளிகளோடு மேட்டில் ஓடி வந்து மூச்சிரைக்க நின்றான். டிரசர், "மொதல்ல உக்காரு, தண்ணி குடி" என்று ஆற அமர வைத்துத்தான் பட்டை கட்டினார். ஒன்றும் ஏறவில்லை. கடைசியில் அண்ணனுக்கு ஞானம் பிறந்தது. மனுஷனுக்கு ரத்தம் கொதிக்கப் பெண்டாட்டி போதாதா?

சின்னையாவின் பெண்சாதி மாரியம்மா வாயாடி, நல்ல மனசுக்காரி. ஆஸ்பத்திரிப் படியில் அவன் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்தில் குந்திக்கொண்டு அவனை ஏச வேண்டும். அதுதான் அவள் வேலை. முதலில் அவன் வீட்டாரை ஏசினாள். அவன் கொட்டாவி விட்டான். அவன் மூக்கை, நடையை, குறட்டையை ஏசினாள், சிரித்தான். பிறகுதான் அவளுக்கு நரம்பு எதுவென்று பிடிபட்டது.

"பக்கத்து நெரையில சீனி சீவுறான் பாரு, அது மரம். பட்டை கொழந்த கன்னமாட்டம் இருக்கு. நீ சீவுன மரத்தப் பாத்தா கோழி கெளறுன குப்பையா இருக்கு. காயம் போடாம ஒரு மரம் சீவத் தெரியுமாய்யா ஒனக்கு? சீனிகிட்ட போயி கத்தி புடிக்கப் படிச்சுட்டு வா!"

சின்னையாவின் கழுத்து நரம்பு கயிறாய்ப் புடைத்ததாம். சரியாக அந்நேரம் டிரசர் கூப்பிட்டார். பட்டை கட்டினார். முள் ஏறிப்போய் நின்றது. "அடப் பாவி, இத்தன நாளு எப்படிடா நடமாடுனே?" என்று டிரசரே பதறிப்போய் அவன் பேரில் நோவாளி அட்டை எழுதி மாத்திரையைக் கொடுத்தார்.

அன்றிலிருந்து மாதத்துக்கொருமுறை மாரியம்மாவின் கச்சேரி. குடும்பத்து அனுமதியோடு புருஷனை ஏசும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அவள் அந்த நாளுக்காகப் புதுப்புது வசவாகச் சேர்த்து வைத்திருந்தாள். லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டுக் கேட்க வருவார்களாம்.

மாத்திரை பிஸ்கட் டின்னில் ஈப்போவுக்கு வந்தது. சின்னையாவே பஸ் ஏறிக் கொண்டுவந்து கொடுப்பான். அந்தக் கட்டணமும் அவன் பாடு. சும்மா சொல்லக் கூடாது, செல்லாயி தேறினாள். பாக்குவெட்டி பாக்குக்குத் திரும்பியது. தினம் முழு மாத்திரை. பிடரி வலி போய், பழையபடி என்னோடு சுவருக்கு மேலாகப் பேசிச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் வாயை யார் மூடுவது? தாவூத் காக்கா மளிகைக் கடை வாசலில் நின்று ஊருக்கே வைத்தியம் சொன்னார். "நோவு வந்தா டாக்டரத் தேடாதீங்க லா. தோட்டத்துல சொந்தக்காரன் இருக்கானான்னு தேடுங்க."

தாவூத் காக்கா கேட்டார்: "ஏன் அப்பாவு, ஒனக்கு நோவு வந்தா யாரு பேருல சாப்புடுவே?"

"எனக்கு நோவா? வந்து அதுக்கு என்ன கெடைக்கப் போவுது?" என்றார் அண்ணன். கடையே சிரித்தது.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. அங்கே தோட்டத்தில் டிரசருக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. இத்தனை மாத்திரை கொடுத்தும் இந்தப் பயலுக்குக் கொதிப்பு இறங்கவில்லையே! மருந்தைக் கூட்டினார். அப்போதும் இறங்கவில்லை. எப்படி இறங்கும்? மாரியம்மாவின் வசவும் கூடிக்கொண்டேதானே இருந்தது. கடைசியில் டிரசர், பயல் மருந்தைச் சாப்பிடாமல் ஏமாற்றுகிறான் என்று கண்டுபிடித்தார். பாதி உண்மைதான்.

தோட்டத்தில் அதற்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் குளிர்காய்ச்சலுக்கு, விடியற்காலைப் பெரட்டில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தி, கசப்பு மருந்தை வாயில் ஊற்றி, விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் வேலைக்கு அனுப்புவார்கள். டிரசர் அந்தப் பழக்கத்தைச் சின்னையாவுக்கு மட்டும் உயிர்ப்பித்தார். காலை மருந்து அவர் கண்ணெதிரில் விழுங்க வேண்டும். மீதி வேளைக்கு வீட்டுக்கு எடுத்துப் போகலாம். சின்னையா கொஞ்ச நாள் வெற்றிலைக்கடியில் கன்னத்தில் ஒதுக்கிச் சமாளித்தான். ஒருநாள் டிரசர், "வெத்தலையத் துப்பு. வாயத் தொற. நாக்கத் தூக்கு" என்றார். அதோடு முடிந்தது.

நல்ல உடம்பில் கொதிப்பு மருந்து போனால் என்ன ஆகும்? அவனுக்குக் காலையில் எழுந்தால் மரமெல்லாம் சாய்ந்து தெரிந்தது. அடுத்த முறை ஈப்போவுக்கு வந்தபோது என் காதுபடத்தான் சொன்னான்.

"மாமா, ஒரே கிறுகிறுன்னு வருது. நிக்க முடியல."

"அப்படின்னா மருந்து நல்லா வேல செய்யுதுன்னு அர்த்தம் மச்சான்" என்றார் அண்ணன், புது டின்னைத் தூக்கிக் கனம் பார்த்துக்கொண்டே. "பரவால்ல, இந்த மாசம் கூடவே குடுத்திருக்கான்."

செல்லாயி அப்போது வேலைக்குப் போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் அன்றைக்கே டின் வாய்க்காலுக்குப் போயிருக்கும்.

பிறகு ஒரு காலை, தோளில் காண்டாக் கம்பு, இரண்டு பக்கமும் பால் தளும்பும் வாளிகளோடு பால் நிறுக்கும் இடத்துக்கு இறங்கி வந்தவன், அப்படியே சாய்ந்தான். பால் செம்மண் பாதையில் வெள்ளையாய் ஓடியது. எதிரே துரையின் ஜீப். துரை என்றால் வெள்ளைக்காரன் இல்லை, அவன் போய் வெகுகாலமாகிவிட்டது. நாற்காலி அதே நாற்காலி, உட்கார்ந்தவர் நம்ம நாட்டுக்காரர். அந்த வருஷம் ரப்பரைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். செம்பனைக்கு அத்தனை கைகள் வேண்டாம். யார் இருமுவான், வீட்டுக்கு அனுப்பலாம் என்று காத்திருந்தவருக்கு, ஒருத்தன் காலடியிலேயே விழுந்து கொடுத்தான்.

பெரிய டாக்டர் வந்தார். அட்டையைப் பார்த்தார். வருஷக்கணக்கில் கொதிப்பு, மருந்துக்கு அடங்கவில்லை, இப்போது மயக்கம். மரம் சீவ லாயக்கில்லை என்று எழுதினார். நல்ல மனுஷன், ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லி ஒரு கடிதமும் கொடுத்தார். லயத்தைக் காலி பண்ணச் சொன்னது டாக்டர் இல்லை, ஆபீஸ்.

சின்னையா என்ன சொல்லுவான்? எனக்கு நோவே இல்லை, மருந்தை வெளியே கொடுத்தேன் என்றால் திருடன். வாயை மூடிக்கொண்டால் நோவாளி. திருடனுக்கு வேலையும் கிடையாது, மானமும் கிடையாது. நோவாளிக்கு மானமாவது மிஞ்சும். மூடிக்கொண்டான். யூனியன்காரர் வந்து பார்த்து, "அட்டையில இப்படி எழுதியிருந்தா நான் என்னத்தப் பேசுறது?" என்று கையை விரித்துவிட்டார். படியில் குந்திக்கொண்டு கத்தி பிடிக்கத் தெரியாதவன் என்று ஏசிய மாரியம்மா, லயத்தின் வாசலில் அவன் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாளாம்.

லாரி வந்து எங்கள் சந்தில் நின்றது. சின்னையா, மாரியம்மா, நாலு பிள்ளைகள், இரண்டு பாய், ஒரு கோழிக்கூடு. எல்லாம் அண்ணனுடைய இரண்டறை வீட்டுக்குள் போயின. மாத்திரை சும்மா, அரிசி சும்மாவா? பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்து நன்றாகச் சிரித்தேன். கொஞ்ச நேரம்தான் சிரிக்க முடிந்தது.

செல்லாயி கத்தவில்லை. எல்லோருக்கும் சோறு போட்டாள். பிறகு அந்த பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து புருஷன் முன்னால் வைத்தாள்.

"என் தம்பி சோத்துல கை வச்சு என்னைப் பொழைக்க வச்சிருக்கே. வர்ற திங்கக்கெழம கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீயும் வாய்யா. என் கூலியும் போவட்டும், உன் கூலியும் போவட்டும்."

நான் இனிப்பு நீருக்கு அந்த ஆஸ்பத்திரியில்தான் காட்டுகிறேன். அதனால் மூன்று பேரும் விடியலிலேயே போய் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். செல்லாயிக்குப் பார்த்து, மாதத்துக்கு மாத்திரை எழுதினார்கள். வேலை வீட்டில் ஒரு நாளுக்காக வேறு ஆளும் வைக்கவில்லை; கேட்டவுடன் போய் வா என்றார்களாம். இத்தனை நாள் யாரும் கேட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாள் கூலி போன வயிற்றெரிச்சல் அண்ணனுக்கு. எதையாவது வாங்காமல் எழுந்து போக மனசில்லை. பட்டை கட்டுகிற தமிழ் நர்ஸ் மிஸ்ஸியிடம் கையை நீட்டினார். "வந்தது வந்தாச்சு, எனக்கும் ஒரு தடவ கட்டிப் பாருங்க மிஸ்ஸி. சும்மாதானே?"

கட்டினாள். இறக்கினாள். மறுபடி கட்டினாள். "ஐயா, உங்களுக்கு இந்தம்மாவ விட ரொம்ப அதிகம். பேரச் சொல்லுங்க, கார்டு போடணும்."

அண்ணன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். "எழுதாதீங்க மிஸ்ஸி."

"ஏன்யா? மருந்து வேணாமா?"

"பேர எழுதாதீங்க. மரம் தூக்குறவன் நான். தவுக்கே காதுல விழுந்தா நாளைக்கே வேற ஆளு." சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "எழுதுனா என்ன ஆவும்னு எனக்குத் தெரியும் மிஸ்ஸி. எங்க வீட்டுல இருக்கான் ஒருத்தன்."

அவரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்றுதான் நான் அன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சிரிப்பு வரவில்லை. பாவி மனுஷா, ஊருக்கெல்லாம் வைத்தியம் சொன்னாயே என்று மனசுக்குள் அழுதேன். செல்லாயி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "எழுதச் சொல்லுய்யா, எழுதச் சொல்லு" என்று கெஞ்சினாள். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அடுத்த மாதம் அதே பெஞ்ச். அண்ணன் தானாகவே வந்து உட்கார்ந்தார். மடியில் ஒரு கடிதம், மடிப்புக் கலையாமல். தோட்டத்துப் பெரிய டாக்டர் சின்னையாவுக்கு எழுதிக் கொடுத்தது. அவன் அதைக் காட்டவே இல்லை, எதைக் காட்டுவது? அவன் சந்தையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். மார்பிள் தொழிற்சாலையில், தோட்டத்தில் நோவென்று நிறுத்தப்பட்டவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"அந்தப் பேருதான் கெட்டுப்போச்சே நவமணி. இன்னும் கெட என்ன இருக்கு? கடிதாசி வீணாக் கெடக்கு" என்றார் அண்ணன், என்னைப் பார்க்காமல்.

அந்த நாளில் பேரோடு முகத்தை யார் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்? அன்றைக்கு வேறு மிஸ்ஸி. பேரைக் கூப்பிட்டால் எழுந்து வருகிறவன்தான் அந்தப் பேருக்கு உரியவன்.

"சின்னையா!"

அப்பாவு அண்ணன் எழுந்து போனார்.

செல்லாயி தன் மாத்திரைப் பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். "என் தம்பி பொறந்ததுலேர்ந்து ஒருநாளும் நோவுன்னு படுத்ததில்லக்கா" என்றாள். "ஆனா ரெண்டு பேருக்கு மருந்து வாங்கிக் குடுத்துட்டான்."